தலைப்பாகைக்கு என்ன நிறம்?

லாஸ்பேட்டையில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரிக்கு எந்தக் காரியமாகப் போனாலும் அவர் வீட்டில் ஒரு வேளை சாப்பிடாமல் திரும்பினால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

ஊர்ப் பெயரைக் கேட்டதும், "அதென்ன, நஷ்டப்பேட்டையா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அந்தப் பெயர் ழான் லா தெ லொரிஸ்தோன் என்ற பிரெஞ்சுக் கவர்னரை நினைவூட்டுவது. 1761-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது, இடிபாடுகளின் மேல் அதைத் திரும்பக் கட்டியவர் இந்த லா. ஆனால் நஷ்டத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவருடைய பெரியப்பா ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர், காகிதமும் தங்கமும் ஒன்றுதான் என்று பிரான்ஸ் தேசத்தையே நம்ப வைத்தவர். 1720-ல் அந்த நம்பிக்கை சரிந்தபோது எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. வெறும் காகிதத்துக்கு நிறம் பூசினால் மனிதர்கள் எவ்வளவு தூரம் நம்புவார்கள் என்பதற்கு அது ஒரு பழைய உதாரணம்.

புதிய உதாரணம் ஒன்றைச் சிநேகிதர் வீட்டுக் கூடத்தில் பார்த்தேன்.

அது செப்டம்பர் மாதம். பாரதியார் நினைவு தினம் நெருங்கிக் கொண்டிருந்தது. சிநேகிதரின் பேரன் காலேஜில் படிக்கிறவன். விழாவுக்காக ஒரு பெரிய படத்தை அச்சிட்டுக் கொண்டு வந்து கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். பாரதியாரின் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம்தான். ஆனால் அதில் முழுக்க முழுக்க வர்ணம் ஏறியிருந்தது! கன்னத்தில் இரத்த ஓட்டம் தெரிந்தது. கண்ணில் ஈரம் தெரிந்தது. இதோ இப்போது வாயைத் திறந்து நம்மை அதட்டப் போகிறார் என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சிலிர்ப்பு அடங்கிய பிறகுதான் ஒரு சந்தேகம் எழுந்தது. தலைப்பாகை சந்தன மஞ்சளாக இருந்தது.

"தம்பி, தலைப்பாகைக்கு இந்த நிறம் என்று யார் சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் போட்டது தாத்தா. நான் ஒண்ணும் பண்ணலை. படத்தைக் கொடுத்தேன், அரை நிமிஷத்திலே கலர் வந்துடுச்சு" என்றான் பையன், பெருமையாக.

"கம்ப்யூட்டருக்கு யார் சொன்னார்கள்?"

பையன் தாத்தாவைப் பார்த்தான். தாத்தா என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன். பாரதியார் மூன்று பேரையும் பார்த்துக் கொண்டிருந்தார்.

இந்தக் கேள்வியை வேறு ஊரில் கேட்டிருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். லாஸ்பேட்டையில் விட முடியவில்லை. பக்கத்திலே கருவடிக்குப்பம். அங்கேதான் குயில் தோப்பு இருக்கிறது. பாரதியார் நகரத்துச் சந்தடியையும் ரகசியப் போலீசாரின் கண்களையும் விட்டு விலகி வந்து உட்கார்ந்த மாந்தோப்பு அது. குயில் பாட்டு பிறந்த இடம் என்று புதுவைக்காரர்கள் கைகாட்டும் இடமும் அதுதான். 1908-ல் வந்தவர் 1918-ஆம் ஆண்டு நவம்பர் வரையில் பத்து வருஷம் இந்த ஊர்க் காற்றையே சுவாசித்தார். இந்த மண்ணின் சிவப்பும், அந்தத் தோப்பின் பச்சையும், கடலின் நீலமும் அவர் கண்ணில் பட்டவை. ஆனால் அவர் எந்த நிறத்தில் இருந்தார் என்பதை மாத்திரம் எந்தக் காமிராவும் நமக்குச் சொல்லி வைக்கவில்லை.

அவருடைய புகைப்படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஐந்து என்று கணக்குச் சொல்வார்கள். புதுச்சேரியில் செல்லம்மாளுடன் ஒன்று, குடும்பத்தாரும் அன்பர்களும் சேர்ந்திருப்பது ஒன்று. 1919-ல் காரைக்குடிப் பக்கம் போனபோது எடுத்தவை இரண்டு. கடைசிக் காலத்தில் சென்னையில் எடுத்தது ஒன்று. முப்பத்தொன்பது வயதுக்குள் ஒரு மொழிக்கே புது உயிர் கொடுத்துவிட்டுப் போனவருக்கு இவ்வளவுதான் முகம் மிச்சம். பிற்காலத்தில் ஓவியர் ஆர்யா வரைந்த படம்தான் தமிழர் வீட்டுச் சுவர்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இடம் பிடித்துக் கொண்டது. நாம் 'பாரதியார்' என்று கண்ணை மூடிக்கொண்டு நினைத்தால் முன்னே வருவது பெரும்பாலும் ஆர்யாவின் தூரிகை.

பழைய படத்தில் இருக்கும் சாம்பல் நிறத்தைப் பார்த்து அசல் நிறத்தைக் கண்டுபிடித்துவிட முடியாதா? கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. நாற்காலியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். அந்த நாளில் பெரும்பாலான போட்டோக்காரர்கள் உபயோகித்த கண்ணாடித் தகடுகளுக்கு நம்மைப் போன்ற கண் கிடையாது. நீலம் அவற்றின் மீது பாய்ந்து விழும். சிவப்பு அவற்றுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கைத் தைரியமாக எரிய விட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். விளைவு என்ன? ஆகாயம் வெள்ளைக் காகிதம் போல் விழுந்தது. வெளிர் நீலத் துணியும் வெள்ளைத் துணியும் அண்ணன் தம்பியாக விழுந்தன. குங்குமம் மை போல் கறுத்தது. பழைய குடும்பப் படங்களில் பாட்டிமார் நெற்றியில் கறுப்புப் பொட்டு இருப்பதைக் கண்டு, அந்தக் காலத்தில் சாந்துதான் இட்டார்கள் போலும் என்று நினைக்கிறோமே, அதில் பாதி தகட்டின் குருட்டுத்தனம்.

ஆகையால் பழைய படம் ஒரு விசித்திரமான சாட்சி. "இது இல்லை" என்று அதனால் ஓரளவு சொல்ல முடியும். "இதுதான்" என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது. பாரதியாரின் படங்களில் தலைப்பாகை நல்ல வெளுப்பாகத் தெரிகிறது. அது காவியாக இருந்திருந்தால் அந்தத் தகட்டில் கருமை தட்டியிருக்கும். ஆழ்ந்த சிவப்பாக இருந்திருந்தால் கறுப்பாகவே விழுந்திருக்கும். அவற்றைத் தள்ளிவிடலாம். ஆனால் தும்பைப்பூ வெள்ளையா, பழுப்பேறிய வெள்ளையா, இலேசான நீலமா? சாட்சி மௌனம் சாதிக்கிறது.

இந்தத் தலைப்பாகை விவகாரம் வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி அல்ல. 2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் அட்டையில் பாரதியார் தலைப்பாகை காவி நிறமாக வந்தது. உடனே பத்திரிகைகளிலும் சபைகளிலும் ஒரே அமளி. ஒரு முழத் துணியின் நிறம் ஒரு கட்சியின் கொடியாகப் படுகிறது என்றார்கள் சிலர். ஓவியனின் கற்பனைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றார்கள் வேறு சிலர். எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்று மாத்திரம் அன்று எல்லாருக்கும் புரிந்தது. வரைந்த படத்தில் ஒரு நிறத்தைப் பூசினால் அதை ஓவியரின் அபிப்பிராயம் என்று எடுத்துக்கொண்டு சண்டை போடலாம். அதே நிறத்தைப் புகைப்படத்தின் மேல் பூசினால் சண்டைக்கும் வழியில்லை. "போட்டோவிலேயே இருக்கிறதே!" என்று சொல்லிவிடுவார்கள். புகைப்படத்துக்கு நாம் கொடுத்திருக்கும் நம்பிக்கை அப்பேர்ப்பட்டது.

"அப்படியானால் பாரதியாரின் நிறம் நமக்குத் தெரியவே வழி இல்லையா தாத்தா?" என்று பையன் கேட்டான். அவன் முகம் வாடிவிட்டது.

வழி உண்டு. காமிராவுக்குத் தெரியாததைக் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வ. ரா. பக்கத்திலிருந்து பழகியவர். பாரதியார் மாநிறம் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். கோட்டின் பொத்தான் துவாரத்தில் தினம் ஏதாவது ஒரு புதுப்பூவைச் செருகிக் கொள்வாராம். ரோஜாவோ மல்லிகையோ அகப்பட்டால் நல்லது, அகப்படாவிட்டால் வேப்பம்பூவானாலும் சரியாம். பாரதிதாசனோ, இன்னார் என்று தெரியாமலே வீதியில் பாரதியாரைக் கண்டபோது ரவிவர்மா படத்துப் பரமசிவத்தைப் போல் இருக்கிறாரே என்று நினைத்ததாகச் சொல்கிறார். ரவிவர்மா படம் என்றால் அந்தக் காலத்தில் கல்லச்சில் பல வர்ணங்களில் அடித்து வீட்டுக்கு வீடு தொங்கிய படம். பாரதிதாசனின் ஞாபகம் கறுப்பு வெள்ளையில் இல்லை, பாருங்கள்!

இன்னொன்றும் சொல்வார்கள். பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகை சிவப்புத் தாளில் வெளிவந்தது. அதன் பக்கங்களை நம் புத்தகங்களில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் காட்டுகிறார்கள். விடுதலைக்காக அவர் விசிறிய அந்தச் சிவப்பு எங்கே போயிற்று? ஒரு சாதாரணப் பழைய காகிதமாக நம் முன் கிடக்கிறது. தெரிந்த நிறத்தை மறைப்பதும் ஒரு குறைதான். நிறம் வேண்டாம் என்பது என் கட்சி அல்ல.

ரா. அ. பத்மநாபன் 1957-ல் 'சித்திர பாரதி'யை வெளியிட்டார். படங்களையும் தஸ்தாவேஜுகளையும் தேடித் தேடிச் சேர்த்து உருவான புத்தகம் அது. பாரதியாரை நேரில் கண்டவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். தகவலுக்காகக் கதவைத் தட்டினால் திறந்து பதில் சொல்ல மனிதர் இருந்தார். இன்று அந்தக் கதவுகள் எல்லாம் சாத்தியாகிவிட்டன.

கதவைத் தட்டிக் கேட்கும் பழக்கம் பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கும் இருந்தது. புகைப்படத்துக்கு வர்ணம் தீட்டுவது நேற்றுப் பிறந்த வித்தை அல்ல. புகைப்படம் பிறந்த கொஞ்ச காலத்துக்கெல்லாம் மேல்நாட்டில் கன்னத்துக்கு ரோஜா வர்ணம் தடவ ஆரம்பித்துவிட்டார்கள். நம் நாட்டில் கேட்க வேண்டுமா? நகைக்குத் தங்கம், கரைக்குப் பச்சை, திரைக்கு நீலம் என்று தீட்டித் தள்ளினார்கள். என் சிறு வயதில் எங்கள் ஊர் ஸ்டூடியோவில் ஒரு பெரியவர் இந்த வேலையைச் செய்து வந்தார். மெல்லிய தூரிகை, பீங்கான் கிண்ணங்களில் தண்ணீர் வர்ணம், மூக்குக் கண்ணாடி. கூலி வாங்குமுன் அவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அம்மா, புடவை என்ன நிறம்?" பதிலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் படத்தின் பின்னால் ஒட்டி வைத்துக் கொள்வார். அவர் தீட்டிய உதடு கொஞ்சம் அதிகச் சிவப்பாகத்தான் இருக்கும். புடவை மாத்திரம் பொய் சொல்லாது.

கம்ப்யூட்டர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அது இலட்சக்கணக்கான வர்ணப் படங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் இப்படிப்பட்ட சாம்பல் இருந்தால் பெரும்பாலும் என்ன நிறம் வரும் என்று ஊகித்து அதைப் போட்டுவிடுகிறது. அதன் ஊகம் சராசரியின் ஊகம். பாரதியார் எந்த விஷயத்தில் சராசரி மனிதராக இருந்தார், சொல்லுங்கள்! ஊரோடு ஒத்துப்போகாத ஒருவருக்கு ஊர்ப் பொது நிறத்தைப் பூசினால் அது என்ன நியாயம்?

வேடிக்கை என்னவென்றால், பாரதியார் புதுச்சேரிக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பே, 1907-ல், அசல் நிறத்தைப் பிடிக்கும் தகடு விற்பனைக்கு வந்துவிட்டது. கண்டுபிடித்தவர்கள் சினிமாப் புகழ் லூமியேர் சகோதரர்கள். பிரெஞ்சுக்காரர்கள்! உருளைக்கிழங்கு மாவைப் பொடிப்பொடியாக்கி, ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று சாயம் தோய்த்துக் கண்ணாடி மேல் தூவினார்கள். அந்தத் தகட்டைக் கொண்டு ஆல்பர்ட் கான் என்ற பாரிஸ் செல்வர் 1909 முதல் 1931 வரை உலகமெங்கும் ஆள் அனுப்பிச் சுமார் 72,000 வர்ணப் படங்கள் எடுக்கச் செய்தார். பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில், வாடகைக்கும் அரிசிக்கும் திண்டாடிய ஒரு தமிழ்க் கவிஞரை அந்த மாதிரித் தகட்டில் எடுத்த படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அந்த ஏக்கம்தான் இன்று அந்தப் பையனைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார வைத்திருக்கிறது. அதை நான் குறைவாக நினைக்கவில்லை.

நல்ல விதமாகவும் இதைச் செய்திருக்கிறார்கள். முதல் உலக மகாயுத்தத்தின் பழைய சினிமாச் சுருள்களுக்கு வர்ணம் கொடுத்து, பீட்டர் ஜாக்சன் என்ற டைரக்டர் 2018-ல் ஒரு படம் வெளியிட்டார். சிப்பாய்களின் சீருடைக்கு அந்தக் காலத்து அசல் சீருடைகளையே எடுத்து வைத்து ஒப்பிட்டார்கள். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைக் கண்டுபிடிப்பவர்களை அழைத்து, அந்த ஊமைச் சிப்பாய்கள் என்ன பேசினார்கள் என்று விசாரித்தார்கள். அங்கேயும் கேள்வி இருந்தது.

கேட்காமல் செய்தால் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த கொடுங்கோல் ஆட்சியில், நோம்பென் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றைச் சிறைச்சாலை ஆக்கினார்கள். துவோல் ஸ்லெங் என்பது அதன் பெயர். உள்ளே வந்தவர்களைப் படம் எடுத்துக்கொண்டு, சித்திரவதை செய்து கொன்றார்கள். 2021-ல் அந்தப் படங்கள் சிலவற்றுக்கு ஒருவர் வர்ணம் தீட்ட, ஒரு மேல்நாட்டுச் சஞ்சிகை அவற்றை வெளியிட்டது. பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். சாவை எதிர்நோக்கி நின்ற முகங்கள் சிரித்துக் கொண்டிருந்தன! அசல் படங்களில் அந்தச் சிரிப்பு இல்லை. கம்போடிய சர்க்கார் கண்டித்தது. சஞ்சிகை படங்களை எடுத்துவிட்டது. அந்த முகங்களுக்குச் சொந்தக்காரர்கள், பிள்ளைகளும் சகோதரர்களும், இன்னும் அந்த நாட்டில் இருக்கிறார்கள். ஒருவரைக் கேட்டிருந்தால் போதும்.

நாங்கள் இப்படிப் பேசிக் கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சிநேகிதரின் தமக்கை காப்பி கொண்டு வந்தார். எண்பத்தைந்து வயது தாண்டியவர். "என்னமோ கலர் கலர்னு சத்தம் கேட்குதே? என் படத்தையும் இவன் கெடுத்து வச்சிருக்கான், அதையும் கேளுங்க" என்றார்.

பையன் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு அந்தப் படத்தைக் காட்டினான். 1957-ல் புதுச்சேரியில் எடுத்த கல்யாணப் படம். மணப்பெண்ணின் கூறைப் புடவை காப்பித்தூள் நிறத்தில் இருந்தது.

"கட்டின எனக்குத் தெரியாதா? அது கத்தரிப்பூ நிறம். கரை மாம்பழ மஞ்சள். கல்யாணத்துக்கு அப்புறம் பொங்கலுக்குப் பொங்கல் கட்டினேன். கிழிஞ்ச பிறகு தூளி கட்டினேன். என் பிள்ளைங்க மூணு பேரும் அதிலேதான் தூங்கினாங்க. அதைப் போய்க் காப்பி கலர்ங்கறான்!"

கூடத்தில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. காப்பித்தூள் நிறம் பொய் என்பது மாத்திரமா அங்கே வெளிப்பட்டது? அந்த நிறத்தோடு அறுபது வருஷத்துக் குடும்பச் சரித்திரமே அழிந்திருக்கும். யாரும் கேட்காமல் இருந்திருந்தால், அம்மாள் காலத்துக்குப் பிறகு காப்பித்தூளே உண்மையாகி, கொள்ளுப்பேரன்கள் அதையே பார்த்து வளர்ந்திருப்பார்கள்.

பையன் கம்ப்யூட்டரைத் திறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "கத்தரிப்பூன்னா இவ்வளவு அழுத்தமா, இன்னும் இலேசா அத்தைப் பாட்டி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஆ, போதும்" என்றார். அந்த "ஆ"வில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"தாத்தாவோட கோட்டு என்ன நிறம்?" என்று கேட்டான் அடுத்தபடியாக.

அம்மாள் வெகு நேரம் யோசித்தார். "அது இரவல் கோட்டு. யார்கிட்ட வாங்கினார்ங்கறது ஞாபகம் இருக்கு. நிறம் ஞாபகம் இல்லையே, கண்ணு" என்றார்.

"அப்ப நானே ஒரு நீலம் போட்டுடட்டுமா?" என்றான். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே கொஞ்ச நேரம் தயங்கினான். பிறகு கோட்டைத் தொடாமல் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிட்டான். புடவை கத்தரிப்பூவாக ஜொலிக்க, பக்கத்தில் மாப்பிள்ளையின் கோட்டு மாத்திரம் பழைய போட்டோவாக இருந்தது. பார்க்க விநோதமாகத்தான் இருந்தது. ஆனால் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

நான் விடைபெறும்போது பையன் பாரதியார் படத்தைச் சுவரோரமாக எடுத்து வைத்துக் கொண்டிருந்தான். விழாவுக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். அசல் கறுப்பு வெள்ளைப் படத்தையும் பக்கத்தில் வைக்கப் போவதாகச் சொன்னான். வர்ணப் படத்தின் கீழே 'இது எங்கள் ஊகம்' என்று எழுதப் போகிறானாம். தலைப்பாகையின் சந்தன மஞ்சளை எடுத்துவிட்டுப் படத்தில் இருந்தபடியே விடுவானாம். நெற்றிப் பொட்டைச் சிவப்பாக்கலாமா என்று மாத்திரம் என்னைக் கேட்டான்.

"வ. ரா.வையும் மற்றவர்களையும் படித்துப் பார்த்துவிட்டு நீயே முடிவு செய்" என்றேன்.

வாசலில் அம்மாள் நின்றிருந்தார். "பெட்டியிலே இன்னும் நாற்பது படம் இருக்குங்க. நாளையிலேர்ந்து தினம் ரெண்டு படம் உட்கார்ந்து சொல்லிடறேன்னு பையன்கிட்ட சொல்லியிருக்கேன். ஞாபகம் இருக்கறப்பவே எழுதிக்கட்டும்" என்றார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய படங்கள் நினைவுக்கு வந்தன. என் தாயாரின் புடவை ஒன்றின் நிறமாவது எனக்குத் தெரியுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். திண்டிவனம் தாண்டும் வரையில் ஒன்றே ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது. இறங்கியதும் முதல் வேலையாக அதை அந்தப் படத்தின் பின்னால் எழுதி வைத்தேன்.